எண்ணெய்க் கணக்கும் புண்ணாக்குக் கணக்கும்

மைசூர்ப் பக்கம் வரப்போரங்களில் 'ஹொங்கே' மரம் நிறைய. வேறொன்றுமில்லை, நம்மூர்ப் புங்கைதான். 1800-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக மைசூர் நாட்டைச் சுற்றி வந்த பிரான்சிஸ் புக்கனன், எள், பேயெள்ளு, ஆமணக்கு, இலுப்பை, புங்கை என்று செக்கில் ஆட்டிய விதைகளையெல்லாம் குறித்து வைத்தார்.

அந்தச் செக்கை ஒரு வரவு செலவுப் புத்தகமாகப் பாருங்கள். எள்ளை ஆட்டினால் எண்ணெய் வீட்டுக்கு, புண்ணாக்கு செக்கைச் சுற்றிய மாட்டுக்கு. இயந்திரம் தன் எரிபொருளைத் தானே ஆட்டிக்கொண்டது!

1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது. அப்படியானால் நம் விவசாயி கடலை போட்டு பம்புசெட் ஓட்டலாமே? கணக்குப் போடுவோம். 100 கிலோ நிலக்கடலைக் காயில் பருப்பு சுமார் 70 கிலோ. ஆட்டினால் 28, 30 கிலோ எண்ணெய், 40 கிலோ புண்ணாக்கு. 5 குதிரைத்திறன் எஞ்சின் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கும். முப்பது மணி நேரம் தண்ணீர் இறைக்கலாம். ஆனால் கடலை எண்ணெயை விற்ற காசில் அதைவிட அதிக டீசல் வாங்கலாம். சமையலறை இருக்கும்வரை எஞ்சினுக்கு அந்த எண்ணெய் கட்டுப்படியாகாது. புண்ணாக்கு மட்டும் வீட்டிலேயே தங்கும். மாட்டுக்கு அதைவிட நல்ல தீவனம் ஏது?

புங்கையை யாரும் தின்பதில்லை. அதனால்தான் 1990-களில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் உடுப்பி ஸ்ரீநிவாசா அந்த எண்ணெயை டீசல் எஞ்சினில் ஊற்றி, கிராமங்களில் தண்ணீர் இறைக்கச் செய்தார். நான்கு கிலோ விதைக்கு ஒரு லிட்டர் எண்ணெய், மூன்று கிலோ புண்ணாக்கு. கசப்பு, மாடு தொடாது. ஆனால் தோட்டத்துக்கு நல்ல உரம். வரப்பு மரம் என்பதால் நிலத்துக்கென்று செலவில்லை. பொறுக்கும் கூலிதான் செலவு. கூலி ஏறினால் கணக்கு ஆட்டம் காணும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்து வந்தது காட்டாமணக்கு. 2003-ல் திட்டக் கமிஷன் குழு ஹெக்டேருக்கு 3.75 டன் விதை என்று எழுதியது. 2009 கொள்கை, 2017-க்குள் டீசலில் 20 சதவீதம் என்றது. தரிசில் தண்ணீர் இல்லாமல் அந்த மகசூல் வரவில்லை, இலக்கும் எட்டவில்லை. தமிழ்நாட்டில் சொந்த நிலத்தில் நட்டவர்கள் பலர் வருடக்கணக்கில் காத்திருந்து பிடுங்கி எறிந்தார்கள். அந்த வருடங்களில் அதே மண்ணில் கடலை போட்டிருந்தால் மாட்டுக்காவது ஏதாவது மிஞ்சியிருக்கும். காட்டாமணக்குப் புண்ணாக்கோ விஷம்.

கடன் மனுக்களைப் படித்தே காலம் தள்ளுகிறவன் நான். திட்ட அறிக்கையில் எண்ணெய் வரவை எல்லோரும் கொட்டை எழுத்தில் எழுதுவார்கள். நான் முதலில் தேடுவது புண்ணாக்கு வரியை.

2007-ல் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் ஹாசன் அருகே மாதேனூரில் தொடங்கிய உயிரி எரிபொருள் பூங்கா, வயலை விட்டுவிட்டு மறுபடியும் வரப்புக்கே போனது. புங்கை, வேம்பு, இலுப்பை. புக்கனன் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.