காவிரி வடிநிலத்தில் செயற்கைக்கோள் மழை மதிப்பீடுகள்: தரை அளவீடுகளுடன் ஒப்பிட்டுச் சரிபார்த்தல்

1. ஆய்வுப் பொருள்

காவிரி வடிநிலத்தின் பரப்பு 81,155 சதுர கி.மீ. குடகில் தலைக்காவிரியை ஒட்டிய மலைகளில் ஆண்டுக்கு 5,000 மி.மீ.க்கு மேல் மழை பெய்கிறது. அங்கிருந்து கிழக்கே சுமார் 150 கி.மீ. தொலைவிலுள்ள மண்டியாவில் அது 700 மி.மீ. அளவுக்குக் குறைந்துவிடுகிறது. மேல்வடிநிலத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும், டெல்டாவுக்கு வடகிழக்குப் பருவமழையும் ஆதாரம். இத்தகைய நிலப்பரப்பில் செயற்கைக்கோள் மதிப்பீட்டின் தரத்தை ஒரே சராசரி எண்ணால் முடிவுசெய்யக் கூடாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

2. தரவுகள்

2.1 செயற்கைக்கோள் தரவு

நாசாவும் ஜப்பானின் ஜாக்ஸாவும் 2014 பிப்ரவரியில் ஜிபிஎம் செயற்கைக்கோளை ஏவின. அதை அளவுகோலாக வைத்து, பல செயற்கைக்கோள்களின் நுண்ணலை, அகச்சிவப்புப் பதிவுகளை இணைத்து ஐமெர்ஜ் தரவு தயாராகிறது. 0.1 பாகைக் கட்டங்களில் அரை மணிக்கு ஒரு மதிப்பு கிடைக்கும். முதல் பதிப்பு சுமார் 4 மணி நேரத்திலும், அடுத்தது சுமார் 14 மணி நேரத்திலும், இறுதிப் பதிப்பு சில மாதங்கள் கழித்தும் வெளியாகின்றன.

இறுதிப் பதிப்பு, மழைமானிகளின் மாதத் தொகையைக் கொண்டு திருத்தப்படுகிறது. அதே மழைமானிகளை வைத்து அதைச் சோதிப்பது, தேர்வு எழுதியவரிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுப்பதற்குச் சமம். எனவே திருத்தத்தில் சேராத மழைமானிகளே சோதனைக்கு உரியவை.

2.2 தரைத் தரவு

இந்திய வானிலை ஆய்வுத் துறை மழைமானிப் பதிவுகளிலிருந்து 0.25 பாகைக் கட்டத் தரவை 1901 முதலான ஆண்டுகளுக்கு உருவாக்கியுள்ளது. மழைமானி இல்லாத கட்டங்களில் உள்ளது அக்கம்பக்கத்துப் பதிவுகளிலிருந்து கணித்த மதிப்பு. அதை அளவீடாகக் கொள்ளலாகாது. குறைந்தது ஒரு மழைமானியாவது உள்ள கட்டங்களையே ஒப்பிட வேண்டும்.

3. ஒப்பிடும் முறை

3.1 நேரம்: இந்தியாவில் ஒரு நாள் மழை என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை பெய்தது. ஐமெர்ஜின் நாள் தொகையோ இந்திய நேரம் காலை 5.30க்குத் தொடங்குகிறது. அரைமணித் தரவிலிருந்து நாள் தொகையைப் புதிதாகக் கூட்டாவிட்டால், விடிகாலை மழை தவறான தேதியில் சேரும்.

3.2 பரப்பு: 200 சதுர செ.மீ. வாயுள்ள மழைமானியை, ஏறத்தாழ 120 சதுர கி.மீ. கட்டத்துடன் ஒப்பிடுகிறோம். இது 600 கோடி மடங்கு வேறுபாடு. ஆகவே ஒப்பீட்டில் தெரியும் வித்தியாசம் முழுவதும் செயற்கைக்கோளின் பிழை ஆகாது.

3.3 அளவைகள்: 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்த நாளே மழைநாள். எடுத்துக்காட்டாக, மழைமானி காட்டும் 40 மழைநாள்களில் 30ஐச் செயற்கைக்கோள் பிடித்து, மேலும் 15 நாள் இல்லாத மழையைக் காட்டினால், கண்டறியும் விகிதம் 0.75, பொய்யறிவிப்பு விகிதம் 15/45, அதாவது 0.33. இவற்றுடன் மொத்த அளவின் சாய்வையும் சராசரி இருபடிப் பிழையின் வர்க்கமூலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

4. பிழையின் போக்கு

4.1 மலைச்சரிவு: தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி உயரும்போது, உயரம் குறைந்த மேகங்களிலிருந்தே பெருமழை கொட்டும். அகச்சிவப்புக் கருவி குளிர்ந்த மேக உச்சியைத் தேடுகிறது. நிலத்தின்மேல் நுண்ணலைக் கருவி பெரிதும் பனித்துகள்களின் சிதறலை நம்புகிறது. இம்மேகங்களில் இரண்டும் குறைவு. எனவே மழை குறைத்து மதிப்பிடப்படுகிறது.

4.2 மழைமறைவு: மேகத்திலிருந்து விழும் துளிகளில் ஒரு பகுதி தரை சேருமுன் வறண்ட காற்றில் ஆவியாகிவிடும். இங்கே மதிப்பீடு மிகைப்படும் வாய்ப்பு அதிகம்.

4.3 டெல்டா: வடகிழக்குப் பருவத்தில் புயல், தாழ்வு மண்டலங்களின் உயர்ந்த மேகங்கள் கருவிக்கு எளிதில் புலப்படும். ஆனால் கடலுக்கும் நிலத்துக்கும் கணிப்பு முறை வேறு என்பதால் கரையோரக் கட்டங்களைத் தனியே சோதிக்க வேண்டும்.

மலையின் குறையும் மறைவின் மிகையும் வடிநிலச் சராசரியில் ஒன்றையொன்று ஈடுகட்டினால், பிழையே இல்லாததுபோல் தோன்றும்.

5. ஆற்றோட்டச் சோதனை

ஒரு மலை நீர்ப்பிடிப்பிலிருந்து ஓராண்டில் வெளியேறும் நீர், அங்கே பெய்த மழையைவிடப் பொதுவாக மிகாது. மிகுந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மழை மதிப்பீட்டையே. ஹாரங்கி, ஹேமாவதி, கபினி அணைகளுக்கு மேலேயுள்ள பகுதிகள் இச்சோதனைக்கு ஏற்றவை. அணைகளுக்குக் கீழே ஓட்டம் மனிதர் திறந்துவிடும் நீரைப் பொறுத்தது.

6. முடிவு

மலைச்சரிவு, மழைமறைவு, டெல்டா என மண்டலவாரியாகவும் பருவவாரியாகவும் பிழையைக் கணக்கிட்டுத் திருத்திய பிறகே, செயற்கைக்கோள் தரவை அணை நீர்வரத்துக் கணிப்பில் பயன்படுத்தலாம். காவிரிக்கு அதிக நீர் தரும் மலைகளில்தான் செயற்கைக்கோளின் கணிப்பு தடுமாறுகிறது. புதிய மழைமானிகளை முதலில் நிறுவ வேண்டிய இடமும் அதுவே.