சாத்திர தானமும் கல்வி உதவித்தொகையும்: கல்வராயன் மலை நாட்டின் வரலாறு காட்டும் பாடம்

சமண அறநூல்கள் தானத்தை நால்வகையாக வகுத்துரைக்கின்றன. பசித்தோர்க்கு உணவளித்தல் ஆகார தானம். பிணியுற்றோர்க்கு மருந்தளித்தல் ஔடத தானம். அஞ்சினோர்க்கு அடைக்கலம் தருதல் அபய தானம். அறிவு வேண்டி நிற்போர்க்கு நூலும் கல்வியும் வழங்குதல் சாத்திர தானம். முதல் மூன்றும் ஓர் உயிரின் துயர் தீர்ப்பன. நான்காவது, பெற்றவர் வழியே அடுத்த தலைமுறைக்கும் பெருகுவது. இக்காலத்தில் கல்லூரி மாணவர் பெறும் உதவித்தொகை அந்நான்காம் தானத்தின் புதிய வடிவமே. அக்கொடை எவர் கைக்குச் சேர்ந்தது, எவருக்கு எட்டாது நின்றது என்பதை அறியக் கள்ளக்குறிச்சி வட்டாரமும் அதன் மேற்கே உயர்ந்து நிற்கும் கல்வராயன் மலையும் தக்க சான்றாகும்.

பள்ளியும் மாணாக்கரும்

கற்குமிடத்தைக் குறிக்கும் ‘பள்ளி’ என்னும் சொல் முற்காலத்தில் துறவியர் உறைவிடத்தைக் குறித்தது. துறவோர் தங்கிய இடமே கல்விச்சாலையாகவும் விளங்கியமையால் அப்பெயர் நிலைத்தது. வந்தவாசிப் பகுதியிலுள்ள வேடல் என்னும் ஊரின் 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் ஆசிரியரையும் அவர்தம் மாணாக்கர் 500 பேரையும் காத்து உணவளிக்க ஊரார் பொறுப்பேற்ற செய்தியைக் கூறுகின்றது. கற்போரின் உணவுக்கு ஊரே பிணை நின்ற நிகழ்ச்சி இது.

இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டைக்கு அண்மையில் அமைந்த திருநறுங்கொண்டை, அப்பாண்டைநாதர் கோயிலால் புகழ்பெற்ற சமணத் தலம். சூடாமணி நிகண்டை இயற்றிய மண்டலபுருடர், இத்தலத்துக் குணபத்திரரைத் தம் ஆசிரியராகப் போற்றுகின்றார். தமிழ் பயின்றோர் பல தலைமுறையாக மனனம் செய்த அகராதி நூலொன்றின் பின்னணியில் இவ்வட்டாரத்து ஆசிரியர் ஒருவர் நிற்பது, இம்மண்ணுக்குரிய பெருமை.

கல்வெட்டில் ஓர் உதவித்தொகைத் திட்டம்

விழுப்புரத்தை அடுத்த எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டொன்று உள்ளது. அங்கு இயங்கிய கல்லூரியில் இளநிலை மாணவர் 270 பேரும் முதுநிலை மாணவர் 70 பேரும் பயின்றனர். ஆசிரியர் 14 பேர் கற்பித்தனர். இளநிலை மாணவர் ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் 6 நாழி நெல்லும், முதுநிலை மாணவருக்கு அதனினும் மிகுதியாக 10 நாழி நெல்லும் அளக்கப்பட்டன. இச்செலவுக்கென 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டிருந்தது. புதுச்சேரியை அடுத்த திருபுவனையிலும் 1048-ஆம் ஆண்டளவில் 260 மாணவரும் 12 ஆசிரியரும் கொண்ட கல்லூரி 72 வேலி நிலத்தின் வருவாயால் நடைபெற்றது.

இவற்றில் இரண்டு நுட்பங்கள் கருதத்தக்கன. படிப்பின் நிலைக்கேற்ப உதவியின் அளவு வகுக்கப்பட்டது. ஆண்டுதோறும் எவரிடமும் கேட்டு நிற்காதபடி நிலையான முதல் வைக்கப்பட்டது. எனினும் அக்கல்லூரிகள் வேதமும் அதன் சார்பு நூல்களும் பயில்வோர்க்கே உரியனவாக இருந்தன. உழுகுடி மக்களின் பிள்ளைகளுக்கோ மலைவாழ் மக்களின் பிள்ளைகளுக்கோ அங்கு இடமில்லை. கொடை பெரிதாயினும் வாயில் சிறிது.

மலையேறாத கொடை

கல்வராயன் மலையில் வாழ்வோருள் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். அம்மலை சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் பெயர்களால் வழங்கிய மூன்று சாகிர்களாகப் பிரிந்திருந்தது. சமவெளியில் ஆட்சிகள் மாறியும் சாகிர்தார்களின் அதிகாரம் அங்கு நீடித்தது.

1942-ஆம் ஆண்டில் வைசிராயின் நிருவாகக் குழு உறுப்பினராயிருந்த டாக்டர் அம்பேத்கர், தாழ்த்தப்பட்ட மக்களின் குறைகளை விளக்கும் அறிக்கையை அரசிடம் அளித்து, அவர்தம் உயர்கல்விக்கு நிதி வேண்டினார். அதன் பயனாக ஆண்டுக்கு 3 இலட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. 1944-இல் தொடங்கிய பள்ளிமேற்படிப்பு உதவித்தொகைத் திட்டம் 1948-இல் பழங்குடியினருக்கும் விரிவாக்கப்பட்டது.

ஆயினும் கல்வராயன் மலை அரசின் நேரடி நிருவாகத்தின்கீழ் வந்தது 1976-ஆம் ஆண்டில்தான். உதவித்தொகை பழங்குடியினருக்குத் திறக்கப்பட்டதற்கும் அம்மலை அரசின் கைக்கு வந்ததற்கும் இடையே 28 ஆண்டுகள் கழிந்தன. கல்லூரிக்குரிய தொகை ஏட்டில் இருந்தது. கல்லூரி வாயில்வரை பிள்ளையை அழைத்துச் செல்லும் பள்ளியும் சாலையும் சான்றிதழும் மலையில் போதிய அளவில் இல்லை. பள்ளியிறுதியை எட்டாத பிள்ளைக்குக் கல்லூரி உதவித்தொகையால் பயனில்லை என்பதே அவ்வாண்டுகள் உணர்த்தும் உண்மை.

வாயில்கள் திறந்த காலம்

பின்வந்த ஆண்டுகளில் நிலை மாறியது. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் வெள்ளிமலையின் ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளியும் மலைப்பிள்ளைகளுக்குக் கல்வியோடு உணவும் உறையுளும் அளிக்கின்றன. 2019 நவம்பர் 26-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2022 சனவரியில் அங்கு அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது.

உதவித்தொகைகளும் பெருகின. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத ஆதிதிராவிட, பழங்குடி மாணவர் பள்ளிமேற்படிப்பு உதவித்தொகைக்கு உரியர். 2012-ஆம் ஆண்டின் அரசாணை 92, தனியார் சுயநிதிக் கல்லூரிகளில் பயிலும் அம்மாணவரின் கட்டணத்தையும் அரசே ஏற்க வழிசெய்தது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை 2010-இல் தொடங்கியது. 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், 6 முதல் 12-ஆம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி சேரும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்குகின்றது. பிற உதவித்தொகை பெறுவோரும் இதனைப் பெறலாம். மாணவருக்குரிய தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டு 9-இல் தொடங்கப்பெற்றது. பன்னிரண்டாம் வகுப்பில் உயர்ந்த மதிப்பெண் பெற்றோர்க்கு நடுவணரசு ஆண்டுதோறும் நாடெங்கும் 82,000 புதிய உதவித்தொகைகளை வழங்குகின்றது; இளநிலைப் பட்டத்துக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். 2014 சனவரி 27-இல் சமணர் தேசியச் சிறுபான்மையினராக அறிவிக்கப்பெற்றமையால், சிறுபான்மையோர்க்கான கல்வித் திட்டங்களில் சமண மாணவரும் உரிமை பெற்றனர்.

எஞ்சி நிற்கும் இடைவெளி

தொகை இருந்தும் கைக்கு எட்டாத நிலை முற்றும் நீங்கிவிடவில்லை. பழங்குடியினருக்குரிய சாதிச்சான்றிதழைக் கோட்டாட்சியரே வழங்குவார். அதன்பொருட்டு மலையிலிருந்து இறங்கி நாட்கூலி இழந்து காத்திருக்கும் பெற்றோர்க்கு ஒவ்வொரு பயணமும் சுமை. ஆதாரோடு இணையாத வங்கிக்கணக்கு, புதுப்பிக்கப்படாத வருமானச் சான்றிதழ், தவறிய கடைசி நாள் ஆகிய சிறு குறைகள் பெருந்தொகையைத் தடுத்துவிடுகின்றன. கல்லூரிக் கட்டணமும் விடுதி முன்பணமும் சேர்க்கையின்போதே கேட்கப்படுகின்றன. உதவித்தொகையோ பின்னரே வருகின்றது. இடைப்பட்ட அச்சில மாதங்களில் படிப்பைக் கைவிட்ட பிள்ளையை, காலந்தாழ்ந்து வரும் பணம் மீட்டுத்தராது.

அறக்கட்டளைகளின் பணி இங்கேதான் பொருள் பெறுகின்றது. அரசின் கொடையோடு போட்டியிடும் அளவு செல்வம் எந்த அறக்கட்டளைக்கும் தேவையில்லை. சேர்க்கை மாதத்தில் முன்பணம் தந்து, உதவித்தொகை வந்தபின் திரும்பப் பெற்று, அதே தொகையை மறு ஆண்டு வேறொரு மாணவருக்கு வழங்கலாம். பத்தாம் வகுப்பிலேயே சான்றிதழ்களைப் பெறத் துணைநிற்கலாம். படித்த இளைஞர் ஒருவர் பள்ளிதோறும் சென்று விண்ணப்பம் நிரப்பக் கற்றுத்தருவதும் சாத்திர தானமே.

வேடல் ஊரார் ஐந்நூற்றுவருக்கும் பேரரசர் அளித்த நிலத்தைக் கொண்டு உணவிடவில்லை. தம் பொறுப்பென ஏற்று நின்றனர். எண்ணாயிரத்து நெல் குறித்த நாளில் குறித்த அளவில் மாணவர் கையில் சேர்ந்ததாலேயே அங்குக் கல்வி நடந்தது. கொடையின் அளவினும் அது உரிய காலத்தில் உரியவரைச் சென்றடைவதே சிறப்பு. கல்வராயன் மலையின் கடைக்கோடிச் சிற்றூரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நிற்கும் மாணவிக்கு அக்கொடை தடையின்றிச் சேரும் நாளில், பழம்பள்ளிகள் விளங்கிய இந்நாட்டில் சாத்திர தானம் தன் முழுப் பொருளை எய்தும்.