பூனை நகமும் நெறிக்கட்டும்



அலங்காநல்லூர் என்றால் ஊர் உலகத்துக்குத் தெரிவது காளை. ஆனால் நம் பிள்ளைகளின் மடியில் படுத்திருப்பது பூனை. அது பிராண்டுவதால் வரும் ஒரு நோயின் கதையை இன்று சொல்கிறேன்.

கதை தென் அமெரிக்காவில், பெரு நாட்டில் தொடங்குகிறது. 1870களில் ஒரோயா என்ற மலையூருக்கு இரயில் பாதை போட்ட தொழிலாளர்கள் கடுங்காய்ச்சலில் கொத்துக்கொத்தாக இறந்தார்கள். அதே பகுதியில் வேறு சிலருக்குத் தோலில் இரத்தம் கசியும் சிவப்பு மருக்கள் வந்தன. அந்த மரு எப்படித் தொடங்குகிறது என்று அறிய, டேனியல் கரியோன் என்ற மருத்துவ மாணவர் 1885 ஆகஸ்ட் 27 அன்று, ஒரு நோயாளியின் மருவிலிருந்து எடுத்ததைத் தன் கையில் குத்திக்கொண்டார். அவருக்கு வந்தது காய்ச்சல். அக்டோபர் 5இல் இறந்தார். வயது 28. மருவும் காய்ச்சலும் ஒரே நோய் என்பது அவர் உயிரைக் கொடுத்துக் காட்டிய உண்மை. பெருவில் இன்றும் அந்த நாள்தான் மருத்துவ நாள். கிருமியைக் கண்டவர் ஆல்பெர்டோ பார்ட்டன். அதனால் அதன் பெயர் பார்ட்டோனெல்லா. அங்கே அதைப் பரப்புவது மணல் ஈ.

இதற்கும் பூனைக்கும் உறவு இருப்பது வெகுகாலம் யாருக்கும் தெரியாது. 1931இல் பாரிஸில் ரோபேர் டெப்ரே என்ற குழந்தை மருத்துவர், கையில் பூனைக் கீறல்களோடு வந்த 10 வயதுச் சிறுவனைப் பார்த்தார். முழங்கை அருகே நெறி கட்டிச் சீழ் பிடித்திருந்தது. 1950இல் இதைத் தனி நோயென்று எழுதினார். கிருமி மட்டும் அகப்படவில்லை.

1983இல் நுண்ணோக்கியில் அது தென்பட்டது. அதே ஆண்டு, எய்ட்ஸ் நோயாளி ஒருவரின் தோலில் வந்த விசித்திரமான கட்டிகள் எரித்ரோமைசின் மாத்திரையில் கரைந்த செய்தியும் வந்தது. இத்தகைய செந்நிறக் கட்டிகள் பார்வைக்குப் புற்றுநோய் போலவே இருக்கும். 1992இல் முடிச்சு அவிழ்ந்தது. பூனைக் கிருமி, பெருவின் மருக் கிருமிக்குப் பங்காளி! ஆய்வகப் பணியாளர் டயேன் ஹென்சலின் பெயரால் அது 'பார்ட்டோனெல்லா ஹென்செலே' என்றானது. பூனைக்குப் பூனை பரப்புவது தெள்ளுப்பூச்சி. அதன் எச்சம் நகத்தில் ஒட்டி, கீறல் வழியே நமக்குள் வருகிறது.

பிராண்டிய இடத்தில் சில நாளில் சிறு சிவந்த பரு வரும். ஓரிரு வாரம் கழித்து அக்குளிலோ கழுத்திலோ நெறி கட்டும். அதற்குள் கீறல் ஆறி, நமக்கே மறந்துபோயிருக்கும். கழுத்தில் நெறி என்றால் நம் ஊரில் மருத்துவர் முதலில் காசநோயை நினைப்பார்; அது முறைதான். "வீட்டில் பூனை இருக்கிறது, பிராண்டியது" என்று நீங்கள் சொன்னால்தான் இதையும் நினைப்பார். பெரும்பாலும் தானே ஆறிவிடும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் மட்டும் அலட்சியமாக இருக்கக் கூடாது.

இன்னொன்று: பூனையாலும் ரேபிஸ் வரும். கீறினாலோ கடித்தாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி பற்றிக் கேளுங்கள்.

பூனையை விரட்ட வேண்டாம். தெள்ளுப்பூச்சி இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். பேரன் பேத்திகளுக்கும் சொல்லுங்கள்.