வீடியோவில் தன்னைப் பார்த்த அம்மா

ஆட்டிசம் உள்ள குழந்தையின் அம்மாவுக்கு மருத்துவ உலகம் முதலில் கொடுத்தது பழிதான். 1943-இல் ஆட்டிசத்தை விவரித்த லியோ கானர், பெற்றோரிடம் பாசம் போதவில்லை என்றும் எழுதிவைத்தார். ‘ஃபிரிட்ஜ் அம்மா’ என்ற பட்டம் அதிலிருந்து கிளம்பியது. எத்தனை தாய்மார் அழுதிருப்பார்கள்! ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லேண்ட், காரணம் வளர்ப்பில் இல்லை, உடற்கூறில் இருக்கிறது என்று 1964-இல் புத்தகமே எழுதினார்.

அம்மா காரணமில்லை, சரி. அப்படியானால் அவர் செய்வதால் எதுவும் மாறாதா? 2002-இல் கலிபோர்னியாவின் ஆய்வாளர்கள் சில்லர், சிக்மன் இருவரும் விடை கண்டார்கள்: குழந்தை எதில் லயித்திருக்கிறதோ அதையொட்டியே பேசும் பெற்றோரின் பிள்ளைகளுக்குப் பின்னாளில் பேச்சு கூடுதலாக வளர்ந்திருந்தது.

இங்கிலாந்தில் பேச்சுப் பயிற்சியாளர் கேத்தரின் ஆல்ட்ரெட்டும் மனநல மருத்துவர் ஜொனாதன் கிரீனும் இதே எண்ணத்தைச் சிகிச்சையாக்கி, 28 குழந்தைகளிடம் சோதித்த முடிவை 2004-இல் வெளியிட்டார்கள். ‘பேக்ட்’ என்ற சிகிச்சை பிறந்தது இப்படித்தான்.

அதில் பயிற்சி அம்மாவுக்கு. விளையாட்டை வீடியோ எடுத்து அவரிடமே போட்டுக் காட்டுவார்கள். பிள்ளை கார் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறான். “இது என்ன கலர்? சொல்லு, சொல்லு” என்கிறார் அம்மா, அவன் திரும்பவே இல்லை. களைத்துப்போய் அவர் பேச்சை நிறுத்துகிறார். சக்கரத்தைப் பார்த்து, “சுத்துது” என்கிறார். அவன் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்க்கிறான். பயிற்சியாளர் வீடியோவை நிறுத்துவது அந்த இடத்தில். தப்பைச் சுட்டுவதில்லை, பலித்ததைக் காட்டுகிறார். பிறகு தினமும் அரை மணி நேரம் வீட்டுப் பயிற்சி.

152 குழந்தைகளிடம் நடந்த பெரிய ஆய்வு 2010-இல் வெளிவந்தது. ஆட்டிச அறிகுறிகள் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் அம்மாக்கள் பதில் தரும் விதம் தெளிவாக மாறியது. குழந்தைகள் தாங்களே அவர்களை நாடுவதும் கூடியது. 2016-இல் வந்த தொடராய்வில் அறிகுறிகளின் கடுமையும் ஓரளவு குறைந்திருந்தது. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் வீட்டாருக்கு இதைக் கற்பித்தவர்கள் நிபுணர்கள்கூட இல்லை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள். நம் ஊர்களுக்கு இதுவே பெரிய நம்பிக்கை.

உங்கள் உறவில் அப்படி ஒரு குழந்தை இருந்தால், “நீ சரியா வளர்க்கல” என்று அம்மாவிடம் சொல்லாதீர்கள். அடுப்படி வேலையை நீங்கள் வாங்கிக்கொண்டு, அந்த அரை மணி நேரத்தை அவருக்குக் கொடுங்கள்.