குளம் உடைஞ்சா யாரு காசு கொடுக்கறது?

காசு இருக்கு, இடம் இருக்கு, ஒருத்தர் குளம் வெட்டறார். நாம கேள்வி கேக்க முடியுமா? முடியாதுன்னுதான் தோணும். ஆனா 1860ல இங்கிலாந்துல வெட்டின ஒரு குளம் இன்னிக்கும் சட்டக் கல்லூரிப் பசங்களைத் தூங்கவிடாம பண்ணுது. வழக்கோட பேரு ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெட்சர். நான் சட்டம் படிச்சவன் இல்லீங்க, பொறியியல். அதனால எனக்கு இதுல சுவாரசியமே அந்தத் தோண்டின கதைதான்.

லங்காஷயர்ல எயின்ஸ்வொர்த்னு ஒரு ஊர். அங்க ஜான் ரைலண்ட்ஸுக்கு ஒரு பஞ்சாலை. ஆலைக்குத் தண்ணி வேணும், அதனால ஒரு நீர்த்தேக்கம். நிலம் வில்டன் பிரபுவோடது, அவர்கிட்ட அனுமதி வாங்கியாச்சு. வேலையை இன்ஜினியர், காண்ட்ராக்டர் கையில ஒப்படைச்சிட்டு ரைலண்ட்ஸ் ஒதுங்கிட்டார்.

தோண்டறப்போ பழைய சுரங்கக் குழிகள் தட்டுப்பட்டது. மண்ணு மூடிக் கெடந்த குழிகள். இது எங்க போய் முடியுதுன்னு வேலை செஞ்சவங்க பாக்கல, ஒழுங்கா அடைக்கவும் இல்ல. அந்தக் குழிகள் கைவிட்ட பழைய சுரங்கங்கள் வழியா தாமஸ் ஃபிளெட்சரோட நிலக்கரிச் சுரங்கம் வரைக்கும் போச்சு. 1860 டிசம்பர்ல தண்ணி நிரம்பிக்கிட்டு இருக்கும்போதே ஒரு குழி பிச்சுக்கிச்சு. மொத்தத் தண்ணியும் ஃபிளெட்சர் சுரங்கத்துக்குள்ள! நஷ்டம் 937 பவுண்டு.

ரைலண்ட்ஸுக்குக் குழி இருந்ததே தெரியாது. அப்புறம் அவர் மேல என்ன தப்பு? 1865ல முதல் கோர்ட் அப்படித்தான் சொல்லி அவர் பக்கம் நின்னுது. 1866ல அப்பீல். நீதிபதி பிளாக்பர்ன் வேற மாதிரி யோசிச்சார். வெளிய போனா கெடுதல் பண்ணக்கூடிய பொருளை உன் வசதிக்காக நீ கொண்டுவந்து வெச்சிருக்கே, அது தப்பிச்சா பொறுப்பும் உன்னோடதுதான், கவனமா இருந்தேன்ங்கற கதையெல்லாம் செல்லாதுன்னுட்டார். 1868ல பிரபுக்கள் சபையும் ஒத்துக்கிச்சு. நிலத்தை இயல்புக்கு மாறா பயன்படுத்தினாத்தான் இது பொருந்தும்னு கெய்ர்ன்ஸ் பிரபு ஒரு வரி சேர்த்தார். நடுவுல 1864ல ஷெஃபீல்டு பக்கத்துல டேல் டைக் அணை உடைஞ்சு சுமார் 240 பேர் செத்துப்போனாங்க. நீதிபதிகள் மனசுல அதுவும் இருந்திருக்கும்னு சில வரலாற்றாசிரியர்கள் சொல்றாங்க.

இப்ப நம்ம பக்கம் வருவோம். கார்வேட்டிநகரம் ஜமீன், அப்ப சென்னை மாகாணம், இப்ப ஆந்திரா. பெருமழையில ஜமீன் ஏரிகள் உடைஞ்சு மெட்ராஸ் ரயில்வே கம்பெனிக்குச் சேதம். கம்பெனி ரைலண்ட்ஸ் வழக்கைக் கையில எடுத்துக்கிட்டு வந்துச்சு. 1874ல லண்டன் பிரிவி கவுன்சில் முடியாதுன்னுடுச்சு. இந்த ஊர்ல ஏரிங்கறது ஒருத்தரோட ஆசைக்கு வெட்டினது இல்ல, ரொம்பக் காலமா ஜனங்க பொழைப்பே அதுலதான், ஜமீன்தார் நினைச்சாலும் தூர்க்க முடியாது, பராமரிக்கறது அவர் கடமை. அதனால அவர் அலட்சியமா இருந்தார்னு நிரூபிச்சாத்தான் நஷ்ட ஈடு.

ரெண்டும் தண்ணிதான், தீர்ப்பு மட்டும் ரெண்டு. யாருக்காகத் தேக்கினேங்கறதுதான் வித்தியாசம். எனக்குக் கார்வேட்டிநகரத் தீர்ப்புல பிடிச்சது, அது கொடுத்த பாதுகாப்பு சும்மா வரல, கரையைக் காப்பாத்தற கடமையோட சேர்ந்து வந்துச்சு. இன்னிக்கு "என் இடம், என் இஷ்டம்"ங்கறவங்க அந்தக் கடமையை வசதியா மறந்துடறாங்க.

1986ல டெல்லி வாயுக்கசிவு வழக்குல நம்ம உச்ச நீதிமன்றம் ரைலண்ட்ஸையும் தாண்டிப் போச்சு. ஆபத்தான தொழில் நடத்தறவங்களுக்கு எந்த விதிவிலக்கும் கிடையாதுன்னுடுச்சு. அந்தப் பேச்சுக்கு விதை போட்டது ஒரு பஞ்சாலைக் குளம்!

பண்ணைக்குட்டை வெட்டற ஐடியா இருக்கற மக்களே, தண்ணி எங்கேருந்து வரும்னு பாக்கறதோட நிறுத்திடாதீங்க. அடியில என்ன இருக்கு, கரை உடைஞ்சா யார் வயலுக்குப் போகும்னும் பாத்துட்டு அப்புறம் மண்வெட்டியை எடுங்க.