சில்லுக்கு ஓர் எழுத்தாணி

திருநள்ளாற்றை அடுத்த அம்பகரத்தூரை வெளியூரார் பத்திரகாளியம்மன் கோயிலைக் கொண்டே அறிவர். 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த காரைக்கால் பகுதிச் சிற்றூர்களுள் அதுவும் ஒன்று. பரணில் ஓலைச்சுவடி கிடக்கிறது, பிரெஞ்சு முத்திரையிட்ட பத்திரம் கிடக்கிறது என்று எவரேனும் சொல்லக் கேட்டால், நாம் அங்கே ஓடிப்போவது பழக்கம். அவ்வாறு ஒருமுறை சென்றபோது, நம்மிடம் தமிழ் பயிலும் மாணவர் ஒருவர் தம் வீட்டுப் பரணிலிருந்து இறக்கி நம் முன் வைத்தது சுவடியன்று. மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு கேம் கேசட் அது.

உள்ளே காந்த நாடா ஏதும் இல்லாவிடினும் நம் ஊர்களில் அதற்குக் ‘கேசட்’ என்றே பெயர். மாணவரின் மாமா தொண்ணூறுகளில் வாங்கியதாம். இப்போது செருகினால் தொலைக்காட்சியில் வெறும் சாம்பல் திரைதான் தெரிகிறது. மாணவருக்கு இரண்டு விருப்பங்கள் இருந்தன. முதலாவது, பழைய கேசட்டில் உள்ளதைக் காப்பாற்றுவது. இரண்டாவது, தாமே எழுதிய சிறு விளையாட்டு ஒன்றைத் தமிழ் எழுத்துகளோடு புதிய கேசட்டாக்கி அக்காள் பிள்ளைகளுக்குக் கொடுப்பது. இதற்காகக் கல்வி உதவித்தொகையில் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்தார். “ஐயா, சில்லில் எழுதும் புரோகிராமரில் எதை வாங்கினால் காசு வீணாகாது?” என்று கேட்டார்.

தமிழாசிரியரிடம் கேட்கத்தக்க கேள்வியா என்று முதலில் தோன்றியது. சற்று ஆராய்ந்தபின், நம்மிடம்தான் கேட்டிருக்க வேண்டும் என்று தெளிந்தோம்.

ஓலையில் எழுதுவோர் அறிந்த உண்மை ஒன்று உண்டு. எழுத்தாணியை அழுத்தாவிடில் கீறல் விழாது. மிகுதியாக அழுத்தினால் ஓலை கிழியும். ஆகவே எழுத்தாணியின் தகுதியை ஓலையே தீர்மானிக்கிறது. சில்லின் வரலாறும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது.

தொடக்க காலத்து நினைவகச் சில்லுகளில் செய்தியை ஆலையிலேயே பதித்துவிடுவார்கள். அதற்கென ஓர் அச்சு வார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கில் உருவாக்கினால்தான் கட்டுப்படியாகும். ஒரேயொரு பிழை நேர்ந்தாலும் அத்தனையும் குப்பைதான். இந்நிலையை மாற்றியவர் இன்டெல் நிறுவனத்தில் பணிபுரிந்த டோவ் ஃப்ரோமன். 1971இல் அவர் உருவாக்கிய ஈப்ராம், எழுதவும் அழிக்கவும் மீண்டும் எழுதவும் இடந்தந்தது. 1702 என்னும் எண்ணுடைய அச்சில்லின் கொள்ளளவு 256 பைட்டுகள். நம் வெண்பா ஒன்றைக்கூட இன்றைய ஒருங்குறியில் முழுதாக அதனுள் அடக்குவது கடினம். சில்லின் முதுகில் குவார்ட்ஸ் பலகணி ஒன்று இருந்தது. அதன்மீது புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால் எழுதியது அழியும். எழுதுவதற்கோ வழக்கமான இயக்க மின்னழுத்தம் போதாது. அதைவிட மிகுந்த அழுத்தம் தேவைப்பட்டது.

அந்த மிகை அழுத்தத்தை உரிய நேரத்தில், உரிய காலுக்கு, உரிய அளவில் அளிக்கும் கருவியே புரோகிராமர். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இது நிறுவனங்களும் ஆய்வுக்கூடங்களும் மட்டுமே வாங்கத்தக்க விலையில் இருந்தது.

கேசட்டின் கதையும் இதே காலத்தில்தான் தொடங்குகிறது. மாற்றிச் செருகத்தக்க சில்லுக் கேசட்டோடு 1976இல் வெளிவந்தது ஃபேர்சைல்ட் நிறுவனத்தின் சானல் எஃப். அப்பணிக்குத் தலைமை தாங்கிய ஜெர்ரி லாசன் ஆப்பிரிக்க அமெரிக்கப் பொறியாளர். 1977இல் அடாரி 2600 வந்தது. 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் நின்டெண்டோவின் ஃபேமிகாம் வெளியாயிற்று. விளையாட்டை எழுதியோர் முதலில் ஈப்ராமில் எழுதிச் சோதித்து, பிழை களைந்து, அதன்பின்னரே ஆலைப் பதிப்புக்கு அனுப்பினர். ஏட்டில் எழுதித் திருத்தியபின் அச்சுக்கூடத்துக்கு அனுப்புவது போன்றது அது.

தொண்ணூறுகளில் நம் நாட்டு வீடுகளுக்குள் நுழைந்தவை பெரும்பாலும் ஃபேமிகாமைப் பின்பற்றிச் செய்த பெட்டிகளே. சாமுராய், மீடியா ஆகிய பெயர்கள் அன்றைய சிறுவர்களுக்கு மறந்திராது. நூற்றுக்கணக்கில் விளையாட்டுகள் உண்டு என்று உறை சொல்லும். திறந்தால் பத்துப் பன்னிரண்டே பல பெயர்களில் சுழன்று வரும். இக்கேசட்டுகள் பலவற்றைத் திறந்தால் கால்களுடைய சில்லைக் காண இயலாது. போர்டின்மேல் கருநிறப் பிசின் பொட்டு ஒன்று மட்டும் இருக்கும். சில்லு அதற்குள் புதைந்திருக்கும். நம் மாணவரின் கேசட்டும் அவ்வகையே.

இங்கேதான் முதல் தெளிவு கிடைத்தது. கழற்றவே முடியாத சில்லைப் படிக்கப் புரோகிராமர் உதவாது. கேசட்டின் அடி விளிம்பிலுள்ள 60 முனைகள் வழியாகப் படிக்கும் கருவியே வேண்டும். ஆர்டுயினோ மெகா 2560 என்னும் சிறு பலகையைக் கொண்டு அத்தகைய படிப்பானைத் தாமே அமைத்துக்கொள்ளும் திறந்த வரைபடங்கள் உள்ளன. ஆனால் அதற்கும் முன்னர் செய்ய வேண்டியது வேறொன்று. சுவடி கிடைத்தால் நாம் உடனே படிக்க முனைவதில்லை. எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவித் தூய்மை செய்கிறோம். அவ்வாறே கேசட்டின் முனைகளை அழிரப்பரால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கச் சொன்னோம். கடற்காற்று வீசும் பகுதியில் செம்பு முனைகள் களிம்பேறுவது வியப்பன்று. மூன்றாம் முறை செருகியபோது சாம்பல் திரை விலகி விளையாட்டின் இசை எழுந்தது. மாணவரின் மாமா அடுக்களையிலிருந்து ஓடிவந்து பார்த்தார்.

இரண்டாம் விருப்பமே கடினமானது. மாணவர் பழைய இரும்புக் கடையொன்றில் கழிவுப் போர்டுகளிலிருந்து கழற்றிய சில்லுகள் சிலவற்றை எடைக்கு வாங்கி வைத்திருந்தார். அவற்றின்மேல் 2732 என்று பொறித்திருந்தது. அவர் வாங்க எண்ணியிருந்த கருவி தரத்தக்க உச்ச எழுத்தழுத்தம் 18 வோல்ட். அதன் விவரத்தாளைச் சில்லின் விவரத்தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். 2716, 2732 ஆகியவற்றுக்கு 25 வோல்ட் வேண்டும். 2732ஏ, பழைய 2764 ஆகியவை 21 வோல்ட் கேட்கும். பின்னால் வந்த 27சி64, 27சி256 முதலியவற்றுக்கு ஏறத்தாழ 12.5 வோல்ட் போதும். இவற்றுக்கு 25 வோல்ட் கொடுத்தால் ஓலை கிழிந்த கதைதான். சில ஆயிரம் ரூபாய் கொடுத்துக் கருவி வாங்கியபின், கையிலுள்ள சில்லில் ஒரு பைட்டும் எழுத முடியாமல் போயிருக்கும்.

எளிய விலைப் புரோகிராமர்கள் பரவிய வரலாற்றிலும் இவ்வேறுபாடு தெரிகிறது. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் கணினியின் அச்சுப்பொறித் துறையில் செருகும் வில்லெம் வகைக் கருவிகள் ஆர்வலர்களிடையே புழங்கின. அடுத்த பத்தாண்டில் யுஎஸ்பி வழி இயங்கும் டிஎல்866 வரிசை வந்தது. அதில் டிஎல்866ஏ 21 வோல்ட் வரை தந்தது. பின்வந்த டிஎல்866 II பிளஸ் 18 வோல்ட்டோடு நின்றது. அதற்கும் பிந்திய டி48 25 வோல்ட் வரை தருகிறது. புதியது பழையதைவிட எல்லாவற்றிலும் மேம்பட்டிருக்கும் என்று கொள்வது இங்கே பொருந்தாது. பதிப்புகள் பலவுள்ள நூலைக் கையாளும் நாம் இதை எளிதில் உணரலாம்.

ஆகவே சில்லைத் தேர்ந்தபின் கருவியைத் தேர்வதே முறை. எந்தச் சில்லு என்பதை விளையாட்டின் அளவு சொல்லும். எளிய ஃபேமிகாம் கேசட்டில் நிரலுக்கு 32 கிலோபைட், படங்களுக்கு 8 கிலோபைட் என இரு சில்லுகள் இருக்கும். புகழ்பெற்ற சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழுதும் இந்த 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. படச்சில்லின் 8 கிலோபைட்டில், எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட 512 கட்டங்கள் உண்டு. இவற்றில் பின்னணிக்கு 256 கட்டங்கள். தமிழெழுத்து ஒன்று தெளிவாகத் தெரிய நான்கு கட்டங்களேனும் வேண்டும். எனவே 247 எழுத்துகளுள் 64 வடிவங்களுக்கே இடம். பின்னணிப் படங்கள் வேண்டுமாயின் அதனினும் குறையும். மாணவர் தாம் எழுதிய சொற்றொடர்களை மீண்டும் மீண்டும் திருத்தினார். ‘ஙௌ’ வராவிட்டால் யாருக்கும் இழப்பில்லை. ‘ழ’வை மட்டும் விடமாட்டேன் என்று நின்றார். யாப்புக்குள் சொல்லடுக்கும் புலவனின் தவிப்பை அன்று நேரில் கண்டோம்.

இறுதியில் ஈப்ராமையே தவிர்த்தோம். 39எஸ்எஃப்040 என்னும் ஃபிளாஷ் சில்லுக்கு 5 வோல்ட்டே போதும். அழிப்பதற்குப் புற ஊதா விளக்கும் வேண்டா. கேசட்டைப் படிக்கப் பயன்படும் அதே ஆர்டுயினோ மெகா பலகையே இதற்கு எழுத்தாணியும் ஆகும். கால்களின் வரிசை பழைய சில்லோடு ஒத்திராமையால் அதற்கேற்ற போர்டு வேண்டும் என்பது ஒன்றே கவனிக்கத்தக்கது. பல வகைச் சில்லுகளைக் கையாள எண்ணுவோருக்கு டி48 போன்ற கருவி தகும்; ஒரே கேசட் செய்ய விரும்புவோருக்கு அது தேவையில்லை. மாணவரின் சேமிப்பில் பாதிக்குமேல் மிஞ்சியது.

பிறர் விளையாட்டைப் படியெடுப்பது முறையா என்றும் அவர் கேட்டார். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, ‘இலக்கியப் படைப்பு’ என்பதன் பொருள்வரையறையில் கணினி நிரலையும் சேர்த்திருக்கிறது. 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த சேர்க்கை அது. சட்டத்தின் கண்ணில் அந்த மஞ்சள் கேசட்டுக்குள் இருப்பதும் இலக்கியமே. முறைப்படி ஒரு பிரதியை உடையவர், அது அழியாமல் காக்கும்பொருட்டுக் காப்புப்படி எடுத்துக்கொள்ள 52ஆம் பிரிவு இடந்தருகிறது. படியெடுத்து விற்க இடந்தரவில்லை. “தம்பி, மாமா வாங்கியதே முறையான பிரதிதானா என்பதையும் பார்க்க வேண்டுமே” என்றோம். அவர் சிரித்தார். நூற்றுக்கணக்கில் விளையாட்டுகள் என்று உறையிலேயே பொய் சொல்லும் கேசட்டுக்கு நேர்மைச் சான்று யார் தருவார்? தாம் எழுதிய விளையாட்டை மட்டும் புதிய கேசட்டில் ஏற்றுவதென முடிவு செய்தார். நமக்கும் அதுவே உவப்பாயிற்று.

அழியாமை எப்போதும் நன்மை, அழிதல் எப்போதும் தீமை என்றும் சொல்லிவிட இயலாது. ‘சிலிக்கன் சில்லுப் புரட்சி’ எழுதிய சுஜாதா, பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பணியாற்றியபோது மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கேற்றவர். 1982இல் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் முதன்முதலாகப் பயன்பட்ட அவ்வகை இயந்திரத்துக்கு, ஒருமுறை எழுதினால் மாற்றவே முடியாத சில்லு வேண்டும் என்பது நியதியாயிற்று. வாக்குக்கு அத்தகைய சில்லு பொருந்தும். பிழை செய்து கற்கும் மாணவருக்கு அழித்தெழுதும் சில்லே பொருந்தும்.

ஆயினும் அழித்தெழுதும் சில்லுக்குப் பகைகள் உண்டு. பலகணி மூடாத ஈப்ராமை நேர் வெயிலில் வைத்தால் ஒரு வாரத்தில் வெறுமையாகலாம் என்று அக்கால விவரத்தாள்களே எச்சரித்தன. மூடி வைத்தாலும் உள்ளே சேர்ந்த மின்னூட்டம் பல்லாண்டுகளில் மெல்லக் கசியும். சுவடிக்குச் செல் எப்படியோ, சில்லுக்கு இக்கசிவு அப்படி. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: காலத்தில் படியெடுத்தல். பழைய ஏடுகளைப் பதினெட்டாம் பெருக்கில் ஆற்றில் விட்ட டெல்டாவில் வாழும் நமக்கு இதைப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை.

புதிய கேசட்டை எழுதி முடித்தபின், எழுதியதைத் திரும்பப் படித்து மூலத்தோடு பைட்டுக்குப் பைட் ஒப்பிட்டார் மாணவர். முதல் ஒப்பீட்டில் ஒரிடத்தில் வேறுபாடு கண்டு, அழித்து மீண்டும் எழுதினார். இரண்டாவது பொருந்தியது. பாடவேறுபாடு பார்க்கக் கற்றுக்கொடுக்க வகுப்பில் நாம் எத்தனையோ முறை முயன்றும் கொட்டாவி விட்ட அதே மாணவர்தாம் இவர். உறையின்மேல் ஒட்டிய சீட்டில் விளையாட்டின் பெயரையும், எழுதிய நாளையும், ‘அம்பகரத்தூர்’ என்னும் ஊர்ப்பெயரையும் எழுதியிருந்தார். சுவடியின் இறுதி ஏட்டில் படியெடுத்தோர் எழுதிச் செல்லும் குறிப்பு நம் நினைவுக்கு வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. சீட்டு நேராக ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கொடுத்தோம்.