கோடம்பாக்கத்தின் டிரம்ஸ் மரபும் சிவமணியும்

காலால் மிதித்து முழக்கும் பேஸ் டிரம், குச்சிகளால் அடிக்கும் ஸ்னேர், உலோகத் தட்டுகளான சிம்பல் ஆகியவற்றை ஒருவரே இயக்கும்படி அமைந்த டிரம்ஸ், அமெரிக்க ஜாஸ் இசையில் உருப்பெற்று, ராக் இசைக்கு அடித்தளமாகி, பின்னர் கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களிலும் நிலைபெற்றது.

அந்தக் கூடங்களில் வளர்ந்தவர்களுள் முதன்மையானவர், 1959இல் சென்னையில் பிறந்து, தாளக் கலைஞரான தந்தை எஸ்.எம். ஆனந்தனின் வழியில் இளமையிலேயே வாசிக்கத் தொடங்கிய சிவமணி ஆவார். ஏ.ஆர். ரகுமான், ஜான் அந்தோணி, சுரேஷ் பீட்டர்ஸ் முதலியோருடன் 'ரூட்ஸ்' என்னும் குழுவில் அவர் வாசித்த காலத்தில் உருவான நட்பு, 1992இல் 'ரோஜா' திரைப்படம் வெளிவந்த பின்னர் ரகுமானின் ஒலிப்பதிவுகளிலும் மேடைகளிலும் நீண்ட கூட்டுழைப்பாகத் தொடர்ந்தது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ், தபலா மேதை ஜாகிர் உசேன் ஆகியோருடன் மேடையேறிய அவர், டிரம்ஸோடு உடுக்கையையும், வாளி போன்ற வீட்டுப் பொருள்களையும் தாளக் கருவிகளாக்கினார்.

2014இல் 'அரிமா நம்பி' படத்துக்கு இசையமைத்த அவருக்கு, 2019இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பாடகருக்குப் பின்னால் அமர்ந்திருந்த தாளக் கலைஞரை மேடையின் முன்வரிசைக்குக் கொண்டுவந்ததே அவரது நிலைத்த பங்களிப்பு.